மண்ணில் மறைந்த காசும் உலோகங்காட்டியும்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் நெருங்கி வருமிடத்தில் குடுபல்லி என்னும் ஊர் அமைந்துள்ளது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்த நிலையம் அது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் அவ்வட்டாரத்தில் கலந்து வழங்குகின்றன. இங்கும் இதனைச் சூழ்ந்த இராயலசீமை நிலத்திலும் பழைய குடியிருப்புகள் அழிந்து மேடாகிப்போன இடங்கள் உண்டு. தெலுங்கர் அவற்றைப் பாட்டிதிப்பா என்பர். தமிழர் நத்தமேடு என்பர். சாம்பலும் சாணமும் எலும்பும் மக்கிய அம்மண் பயிருக்கு நல்ல உரமாதலின், உழவர் அதனை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வயலில் கொட்டுவது நெடுங்கால வழக்கம். மண்ணோடு பானை ஓடும், ஓட்டோடு மணியும், சில வேளைகளில் காசும் வயலை அடைகின்றன. நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்தபின், ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் பச்சைக் களிம்பு படிந்த வட்டத் தகட்டைப் பொறுக்கியெடுத்துத் தன் ஆசிரியரிடம் கொண்டுவந்து காட்டுதல் இப்பகுதியில் நிகழக்கூடாத அதிசயமன்று.

அவ்வாறு கொண்டுவரப்பட்ட காசை ஆசிரியர் என்ன செய்தல் வேண்டும்? அதனைக் கண்டெடுத்த இடத்தில் மேலும் தோண்டிப் பார்க்கலாமா? வெளிநாடுகளில் பலர் பொழுதுபோக்காகக் கையாளும் உலோகம் தேடும் கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, விடுமுறை நாட்களில் நாமும் வயல்வெளியில் உலாவலாமா? களப்பணியாளரும் ஆசிரியரும் இத்தகைய வினாக்களை எதிர்கொள்ளும் வாய்ப்பு இன்று மிகுந்து வருகிறது. கருவியின் விலை குறைந்துவிட்டது. அதனைப் பற்றிய விளம்பரமோ பெருகிவிட்டது. ஆகவே கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும், அதனால் அறிய முடியாதவை எவை என்பதையும், சட்டம் கூறுவதையும் ஒருங்கே காண்போம்.

நெல்லூரில் உழவன் கண்ட பானை

முதலில், 2022 வரை நம் பக்கத்து மாவட்டமாயிருந்த நெல்லூரில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சென்னையில் கவர்னர் பதவி வகித்த அலெக்சாந்தர் டேவிட்சன் என்பவர் 1787ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்று, கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்தின் ஆராய்ச்சித் தொகுதிகளுள் இரண்டாவதில் அச்சாகியுள்ளது. நெல்லூர்ப் பக்கத்தில் உழவன் ஒருவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது கலப்பை செங்கற் கட்டடம் ஒன்றில் தட்டி நின்றது. தோண்டிப் பார்த்தான். சிறு கோயில் ஒன்றின் இடிபாடு வெளிப்பட்டது, அதன் அடியில் ஒரு சிறு பானை, பானைக்குள் கி. பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியப் பொற்காசுகள். உழவன் அவற்றைப் பழம்பொன் என்று விற்றுவிட்டான். பல காசுகள் உருக்கப்பட்டன. ஆர்க்காட்டு நவாபின் மகன் அமீருல் உமரா முப்பதுக்குச் சற்று மேற்பட்டவற்றை மட்டும் மீட்டார். டிராஜன், ஹேட்ரியன் என்னும் பேரரசர்களுடையனவும் பௌஸ்டினா என்னும் அரசியுடையனவும் அவற்றுள் இருந்தன. சில, அக்கசாலையிலிருந்து அன்றுதான் வந்தவைபோல் புத்தம் புதியனவாக இருந்தன. சில, அணிகலனாகக் கோத்து அணிந்தமையால் துளைபட்டிருந்தன.

இவ்வளவே நமக்குத் தெரியும். பானையில் மொத்தம் எத்தனை காசுகள் இருந்தன? அவற்றுள் மிகவும் பிற்பட்டது எது? துளையிட்டவை தனியே ஒரு முடிச்சில் இருந்தனவா, மற்றவற்றோடு கலந்திருந்தனவா? கோயில் கட்டியபோதே பானை வைக்கப்பட்டதா, பின்னர்ப் புதைக்கப்பட்டதா? ஒன்றுக்கும் விடை இல்லை. இனி விடை கிடைக்கப்போவதும் இல்லை. அந்த உழவனைக் குறை கூறுதல் நியாயமன்று. அவனுக்குப் பொன்னின் விலை தெரிந்திருந்தது. காசு கிடந்த இடத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல எவரும் இலர்.

இதனோடு 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த உரோமானியப் பொற்காசுக் குவியலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் 501 காசுகள் அறிஞர் கைக்கு வந்துசேர்ந்தன. அவற்றை வரிசைப்படுத்தியபோது, அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பாசியன் காலம் வரையிலானவை அவை என்பது தெரிந்தது. வெஸ்பாசியன் ஆண்டது கி. பி. 69 முதல் 79 வரை. ஆகவே அந்தக் குவியல் அக்காலத்திலோ அதற்குப் பின்னரோ புதைக்கப்பட்டிருத்தல் வேண்டும்; முன்னர் இராது. மேலும் அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலையின்மேல் உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. மீண்டும் நாணயமாகச் செலாவணி ஆகாதபடி யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். அதன்பின் அவை பொன் எடையாகவே கைமாறின என்று அறிஞர் கருதினர். ஒரு காசை மட்டும் பார்த்தவர் அத்தழும்பைத் தற்செயலான சேதம் என்றே தள்ளியிருப்பார். நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கண்டபோதுதான் அது ஒரு வழக்கம் என்பது புலனாயிற்று.

காசு ஒன்றே பேசும் சந்தர்ப்பங்களும் இல்லாமலில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து கிடைத்த சிறு காசுகள் சிலவற்றில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் சேரர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆற்று மணலில் அடுக்கு ஏது, அடையாளம் ஏது? ஆயினும் எழுத்து இருந்தமையால் பயன்பட்டன. எழுத்தில்லாத காசுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எந்த ஓட்டுச் சில்லின் பக்கத்தில் கிடந்தது என்பதே அதற்குரிய சாட்சி.

கருவி வேலை செய்யும் முறை

இக்கருவியைப் பேச்சில் ‘மெட்டல் டிடெக்டர்’ என்றே யாவரும் கூறுகின்றனர். தமிழில் ‘உலோகம் கண்டறியும் கருவி’ என எழுதுவாரும் உளர். இக்கட்டுரையில் ‘உலோகங்காட்டி’ என்ற சொல்லையே ஆள்கிறோம். காரணம் உண்டு. கருவி எதையும் அறிவதில்லை. காட்ட மட்டுமே செய்கிறது. அறியவேண்டியவர் அதனைப் பிடித்திருப்பவர்.

அதன் அடிப்படை, மைக்கேல் பாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் விதியாகும். கம்பிச் சுருளொன்றில் திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதனைச் சுற்றியும் அதன் கீழே மண்ணிலும் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. அப்புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால், அத்துண்டினுள்ளே சிறு சுழல்களாக மின்னோட்டம் எழுகிறது. இச்சுழல் மின்னோட்டம் தானும் ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. கருவியிலுள்ள இரண்டாவது சுருள் இந்தச் சிறு புலத்தை உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. கிணற்றுக்குள் கூவியவனுக்கு எதிரொலி கேட்பதுபோல என்று மாணவர்க்குச் சொல்லலாம். ஆனால் இங்கே திரும்பி வருவது ஒலியன்று, காந்தப் புலம் என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

பொழுதுபோக்குக் கருவிகளிற் பெரும்பாலானவை விநாடிக்குச் சில ஆயிரம் முதல் சில பதினாயிரம் சுழற்சிகள் வரையுள்ள மின்னோட்டத்தைப் பயன்படுத்துகின்றன. எதிரொலி எவ்வளவு வலியது என்பதோடு, அது எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதையும் அவை அளக்கின்றன. வெள்ளி, செம்பு போன்று மின்சாரத்தை எளிதிற் கடத்தும் உலோகங்களும், ஈயம்போல் அரிதிற் கடத்துவனவும் இத்தாமதத்தில் வேறுபடும். இரும்பு காந்தத் தன்மையும் உடையதாதலின் அதன் எதிரொலி இன்னும் வேறானது. இவ்வேறுபாட்டைக் கொண்டே “இது ஆணியாக இருக்கலாம், இது செம்பாக இருக்கலாம்” என்று கருவி குறிப்புத் தருகிறது. ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் அதனாற் கூற இயலாது. பருமனும் வடிவும் கிடக்கும் சாய்வும் மாறினால் குறிப்பும் மாறிவிடும். சிறு பொற்காசும், சிகரெட்டுப் பெட்டியின் உள்ளே சுற்றிவரும் மெல்லிய தகடும் கருவிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

இக்குறை இக்கருவியோடு உடன்பிறந்தது. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்க நாட்டுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுள் எங்குத் தங்கியுள்ளது என்பது மருத்துவர்க்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் தூண்டல் முறையில் ஒரு கருவி அமைத்து நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தார். கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் குண்டின் இடத்தைக் குறிக்க இயலவில்லை. மெத்தைக்கடியில் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். மருத்துவர் குண்டு இருக்குமெனக் கருதிய ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டதும் ஒரு காரணம். கார்பீல்டு செப்டம்பர் 19இல் உயிர் நீத்தார். பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் படை அதிகாரி யோசெப் கோசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடி தேடும் கருவி வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் பெரும்பணி ஆற்றியது. அதன் வழித்தோன்றல்களே இன்று வயல்வெளிகளில் உலாவுகின்றன.

ஆழத்தைப் பற்றி மக்களிடையே பெரும் மயக்கம் உண்டு. காந்தப் புலம் தொலைவிற்கேற்ப மிக விரைவாக மெலிகிறது. போகும்போதும் மெலிகிறது, திரும்பும்போதும் மெலிகிறது. சுருளின் அளவைக் காட்டிலும் ஆழம் மிகுந்தபின், ஆழம் இருமடங்கானால் திரும்பி வரும் செய்தி ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே தனிக் காசு ஒன்றை ஒரு சாண் ஆழம் வரையிலுமே இக்கருவி நம்பத்தக்க முறையில் காட்டும். பானை நிறையக் காசு இருப்பின் இன்னும் ஆழத்தில் இருந்தாலும் தெரியலாம். விசயநகர மன்னரின் பொன் வராகன் ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ளது, அதனைக் கண்டுகொள்ளலாம். அதே மன்னரின் பொற்பணம் அரைக் கிராமுக்கும் குறைந்த எடையுள்ளது, துவரம் பருப்பைக் காட்டிலும் சிறிது பெரியது. அதன்மேல் கருவி பலமுறை சென்றாலும் ஊமையாகவே இருத்தல் கூடும்.

குடுபல்லி மண்ணைப் பற்றித் தனியே ஒரு சொல். கோலார் தங்கவயல் அமைந்துள்ள பழம்பாறைப் பட்டையின் தென்கோடி இவ்வட்டாரம்வரை நீள்கிறது. பிசாநத்தம், சிகரகுண்டா என்னும் இடங்களில் பொன் படிந்த பாறைகள் உண்டு. கோலார்ச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. பொன் படிந்த நாடு என்றதும், உலோகங்காட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் பொன் கட்டி அகப்படும் என்று எண்ணுவாரும் இருப்பர். அப்பொன் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகப் பரவிக் கிடப்பது. டன் கணக்கில் பாறையைப் பொடித்துச் சில கிராம் எடுக்கவேண்டியது. கைக்கருவிக்கு அது புலப்படாது. புலப்படுவது வேறொன்று: இரும்புச் சத்து மிக்க செம்மண்ணும் கருநிறப் பாறைத் துணுக்குகளும். இவற்றிலுள்ள காந்தக் கனிமங்கள், உலோகமே இல்லாத இடத்திலும் கருவியை முனக வைக்கும். ஆகையால் தேடத் தொடங்குமுன் கருவியை அந்தந்த மண்ணுக்கு ஈடாகச் சரிசெய்துகொள்ளல் வேண்டும். சரிசெய்த பின்னும், வண்டிப் பட்டையின் துண்டு, மாட்டு லாடம், கலப்பைக் கொழுவின் முனை, சோடாப் புட்டியின் மூடி ஆகியவையே நூற்றுக்குத் தொண்ணூறு தடவை வெளிவரும் என்பதைத் தேடுவோர் அறிவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நூறு அடி ஆழத்திலுள்ள பொன்னையும் அரைமைல் தொலைவிலுள்ள புதையலையும் சுட்டிக்காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் கம்பிகளும் பெட்டிகளும் உள. மேலே கூறிய விதிப்படி இது இயலாத காரியம். பிரிட்டனில் இத்தகைய போலிப் பெட்டியை வெடிகுண்டு காட்டும் கருவி என்று பல நாடுகளுக்கு விற்றவர் 2013இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். குப்த நிதி இருக்கிறதென்று அஞ்சனம் போட்டுப் பார்த்து ஏழை உழவரின் கைப்பொருளைக் கறப்பவர்க்கும் இப்பெட்டி விற்பவர்க்கும் வேற்றுமை, ஒருவர் மை வைத்திருக்கிறார், மற்றவர் மின்கலம் வைத்திருக்கிறார் என்பதே. இவர்களின் பேச்சை நம்பி, பாழடைந்த கோயில்களில் மூலத்தானத்தைப் பெயர்த்தும் நந்தியை உடைத்தும் செய்யப்பட்ட அழிவு இராயலசீமையில் கொஞ்சநஞ்சமன்று.

தோண்டாமல் நின்றவர்

உலோகங்காட்டி ஏந்துவோர் யாவரும் அழிப்போர் என்பதன்று. இங்கிலாந்தில் சோமர்செட்டுப் பகுதியிலுள்ள புரோம் என்ற ஊரையடுத்த வயலில் 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஒருவர் தம் கருவியால் தேடிக்கொண்டிருந்தார். ஒலி கேட்ட இடத்தில் ஓரடி அளவு தோண்டியதும் சில காசுகளும் பானையின் வாய்ப்புறமும் தென்பட்டன. அவர் தோண்டுவதை அங்கேயே நிறுத்திக் குழியை மூடிவிட்டு, தொல்பொருள் அதிகாரிக்குச் செய்தி அனுப்பினார். ஆராய்ச்சியாளர் வந்து, பானைக்குள் இருந்தவற்றை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் தனிப்பையில் இட்டு எடுத்தனர். மொத்தம் 52,503 காசுகள்.

அடுக்கடுக்காக எடுத்ததனால் விளைந்த பயன் யாது? அக்குவியலில் மிகவும் பிற்பட்ட காசுகள், கி. பி. 286 முதல் 293 வரை பிரிட்டனில் ஆண்ட கராசியஸ் என்பவனுடையவை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேமித்த உண்டியலாக அப்பானை இருந்திருப்பின், பிற்பட்ட காசுகள் மேலே இருத்தல் வேண்டும். அவையோ பெரும்பாலும் பானையின் கீழ்ப்பாதியில் இருந்தன. ஆதலின் யாவும் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டவை என்று முடிவு செய்ய இயன்றது. கண்டவர் ஆசை மிகுதியால் பானையைக் கவிழ்த்திருந்தால் 52,503 காசுகளும் கிடைத்திருக்கும். இந்தச் செய்தி ஒன்று கிடைத்திராது. நெல்லூர்ப் பானையில் நாம் இழந்தது இத்தகைய செய்தியையே.

அந்நாட்டில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், அதனையொட்டிக் கண்டவை யாவற்றையும் பதிவு செய்யும் ஏற்பாடும் உள்ளன. புதையலை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால், அதன் சந்தை விலை கண்டவருக்கும் நிலத்துக்கு உடையவருக்கும் வெகுமதியாகக் கிடைக்கிறது. நேர்மைக்கு நட்டமில்லை என்ற உறுதி இருப்பதனாலேயே ஒருவர் குழியை மூடிவிட்டுக் காத்திருக்கத் துணிகிறார் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமே இன்றும் வழங்குகிறது. பெல் தம் கருவியை அமைப்பதற்கு மூன்றாண்டு முந்தியது அது. ஆதலின் கருவியைப் பற்றி அதில் பேச்சில்லை. எவ்வாறு கண்டெடுத்தாலும் கடமை ஒன்றே. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின், கண்டவர் அதனைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பொருள் யாது, எவ்வளவு, எங்கே, என்று கிடைத்தது என்பவற்றைக் குறிப்பிட்டு, பொருளை அரசாங்கக் கருவூலத்தில் ஒப்படைக்கவேண்டும்; அல்லது கேட்டபோது கொண்டுவருவதற்குப் பிணை தரவேண்டும். 1878இல் பத்து ரூபாய் பெருந்தொகை. இன்று ஒரு குவளைத் தேநீருக்கு அது போதாத ஊர்களும் உண்டு. ஆகவே நடைமுறையில் எந்தப் புதையலும் இவ்வரம்புக்குள் அடங்கித் தப்பாது என்றே கொள்ளவேண்டும்.

கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோர் வருவதற்கு நான்கு மாதத்திற்குக் குறையாமலும் ஆறு மாதத்திற்கு மேற்படாமலும் தவணை வைப்பார். உரியவர் இல்லை என்று தீர்ந்தபின், நிலத்துக்கு உடையவர் உரிமை கோரினால், வேறு உடன்படிக்கை இல்லாதபோது கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குடையவருக்கு ஒரு பங்கும் சேரும். அத்தகைய நிலவுடையவர் எவரும் முன்வராவிடின் முழுதும் கண்டவருக்கே. அரசாங்கம் தானே வைத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அறிவியாமல் மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் அபராதத்திற்கும் உரியவராவார். மாநிலத் திருத்தங்கள் உண்டா என்பதைத் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

புதையல் கண்டால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும், கண்டவனைக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கும் என்ற அச்சம் கிராமங்களில் வேரூன்றியுள்ளது. கண்டவருக்குப் பங்கு உண்டு என்பதைச் சொன்னால் வியப்படைவோர் பலர். ஆயினும் அச்சட்டத்தின் குறையையும் மறைத்தல் தகாது. உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒன்று கூட்டித் தருவது பொன்னுக்கு ஓரளவு பொருந்தும். செம்புக்கும் ஈயத்துக்கும் அது ஏதுமில்லாமைக்குச் சமம். வரலாற்றுக்கு மிகவும் வேண்டப்படுவனவோ பெரும்பாலும் அந்தச் செப்புக் காசுகளும் ஈயக் காசுகளுமே. நூற்று நாற்பது ஆண்டு கடந்த இச்சட்டம் காலத்திற்கேற்ப மாறினால் தட்டாரின் உலைக்குச் செல்லும் காசுகள் குறையும் என்பது எம் கருத்து.

வேறு இரு சட்டங்களும் அறியத்தக்கவை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியில் உரிமம் இன்றித் தோண்டுதல் குற்றம். 2010இல் செய்த திருத்தத்தின்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டர் வரை கட்டட வேலை முதலியன விலக்கப்பட்டுள்ளன. 1972ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள காசைத் தொல்பொருள் என்கிறது. அத்தகைய பொருளை வாணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது.

சட்டம் ஒழுங்காக நடைபெற்றால் என்னவாகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு திருவானைக்காவல். 2020 பெப்ருவரியில் அங்குள்ள கோயில் வளாகத்தில் நிலத்தைச் சீர்செய்து தோண்டியபோது ஏறத்தாழ ஏழடி ஆழத்தில் பாத்திரம் ஒன்று அகப்பட்டது. அதில் 505 பொற்காசுகள், எடை 1.716 கிலோகிராம். அவை எண்ணி, எடையிட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. தோண்டியவர் கையில் உலோகங்காட்டி எதுவும் இல்லை. ஏழடி ஆழத்தில் அது உதவியிருக்குமென்று உறுதி கூறவும் இயலாது.

பள்ளியில் செய்யத்தக்கவை

அப்படியானால் உலோகங்காட்டியை ஆசிரியர் தொடவே கூடாதா? தொடலாம், நத்தமேட்டில் அன்று, பள்ளி விளையாட்டுத் திடலில். இன்றைய ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும் எஃகு. முன்னாளைய ஐந்து பைசா அலுமினியம். பாட்டியின் பெட்டியில் கிடக்கும் காலணா செம்பு. இவற்றை ஒரு விரற்கடை, நான்கு விரற்கடை, எட்டு விரற்கடை என வெவ்வேறு ஆழங்களில் புதைத்து, கருவி எதனை எவ்வாறு காட்டுகிறது என்று மாணவரைக் கொண்டே அட்டவணை எழுதச் செய்யலாம். காசைச் செங்குத்தாகப் புதைத்தால் ஒலி குறைவதைக் கண்டு அவர்கள் வியப்பர். கருவி இல்லாத பள்ளியிலும் சுழல் மின்னோட்டத்தைக் காட்ட வழியுண்டு. செப்புக் குழாய் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, அதனுள் வலிய சிறு காந்தத்தைப் போட்டால், காந்தத்தில் ஒட்டாத செம்பினுள் அது மிக மெதுவாக இறங்கிவரும். கிணற்றடியில் தவறிய மோதிரத்தையும், வயலில் விழுந்த எந்திரத் திருகாணியையும் தேடிக் கொடுத்தல் கருவிக்கு மற்றுமொரு நற்பயன்.

இனி, மாணவன் கொண்டுவந்த அந்தக் காசு. முதலாவதாக, அதனைப் புளி போட்டுத் துலக்கலாகாது. குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய நம் கைக்கு இது கடினமே. பச்சைக் களிம்பினுள்ளேதான் அச்சின் நுண்கோடுகள் தங்கியிருக்கும். புளியின் அமிலமும் சாம்பலின் உரசலும் அவற்றைக் கொண்டுபோய்விடும். ஈயக் காசாயின் இன்னும் மென்மையானது. மரப்பெட்டியிலிருந்தும் அட்டைப்பெட்டியிலிருந்தும் கசியும் அமில ஆவியே அதனை வெள்ளைப் பொடியாக அரித்துவிடவல்லது. ஒட்டிய மண்ணோடு அப்படியே உலர்ந்த தாளில் மடித்து வைத்தல் போதும்.

இரண்டாவதாக, மாணவனை அழைத்துக்கொண்டு, கிடைத்த இடத்திற்கு அன்றே சென்று பார்த்தல் வேண்டும். மறுநாளானால் இடம் மாறிப்போகும். தோண்டவேண்டுவதில்லை. அங்குள்ள மண் ஊறிய மண்ணா, வேறிடத்திலிருந்து வண்டியில் வந்த மண்ணா என்று நிலத்துக்குடையவரைக் கேட்கவேண்டும். வந்த மண்ணாயின் எந்த மேட்டிலிருந்து வந்தது என்பதே தலையாய செய்தி. சுற்றிலும் கிடக்கும் ஓடுகள் கறுப்பா, சிவப்பா என்று குறித்துக்கொள்ளலாம். அவற்றைப் பொறுக்கிவர வேண்டா. பின்னர் ஒரு தாளில், ஊர், சர்வே எண், நிலத்துக்குடையவர் பெயர், கண்ட சிறுவனின் பெயர், நாள், ஆழம், எத்தனை காசு, ஒவ்வொன்றின் எடை, இருபுறத்துப் படிவம் ஆகியவற்றை எழுதி, கலெக்டருக்கு ஒரு படியும், மாநிலத் தொல்பொருள் துறைக்கு ஒரு படியும் அனுப்பி, மூன்றாம் படியைப் பள்ளியில் வைத்துக்கொள்ளவேண்டும். கண்டவர் என்ற இடத்தில் சிறுவனின் பெயரையே எழுதவேண்டும். தலைமையாசிரியர் பெயரை அன்று. பங்கு சேருமாயின் அது அச்சிறுவனுடையது.